பட்டறைப் பதில்கள்: ஆயில் பம்பை மாற்றுவதற்கு முன்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. சிலிம் ரிவர் வட்டாரத்தில் வேகக் கார் வைத்திருக்கும் இளைஞர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஆயில் பம்பின் மீது சந்தேகம் கொண்டுவிட்டார்களோ என்று தோன்றியது. எனவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஏர்கண்டிஷனர் பற்றிக் கேட்டிருந்த வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ இருக்கிறது. 4ஜி93 இரட்டை கேம் இஞ்சின். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிவிட்டுத் தோட்டத்து முச்சந்தியில் நிறுத்தும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் அணைந்துவிடுகிறது. ஒரு போமன் (பட்டறை மெக்கானிக்), அதிகக் கொள்ளளவு கொண்ட பம்பை மாட்டச் சொல்கிறார். இன்னொருவர், இருக்கும் பம்பின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் வைத்தால் போதும் என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், பேராங்

பதில்: தம்பி, இருவரையும் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லுங்கள். முதலில் வாஷர் யோசனையைத் தள்ளிவிடுவோம். அந்த ஸ்பிரிங் ரிலீஃப் வால்வுக்கு உரியது. அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போதுதான் அந்த வால்வு திறந்து, மிகுதியான எண்ணெயைத் திருப்பி அனுப்பும். இஞ்சின் சூடாக, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அழுத்தம் அந்த அளவின் அருகில்கூட வராது. வால்வு மூடியேதான் இருக்கும். மூடியிருக்கும் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடுவதால் வீட்டுக்குள் நெல் கூடிவிடாது. வாஷரின் விளைவு உயர்ந்த சுற்றில்தான் தெரியும்: குளிர்ந்த இஞ்சினை முடுக்கும்போது அழுத்தம் எல்லை மீறி ஏறி ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையத்தைப் பிதுக்கும், வாஷர் தடிமனாக இருந்தால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, வால்வு முழுமையாகத் திறக்க முடியாமலே போகும்.

இனி பெரிய பம்பின் கதைக்கு வருவோம். ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று நாம் எல்லாரும் பேச்சுக்குச் சொல்கிறோம், ஆனால் அது செய்வது எண்ணெயை நகர்த்துவது மட்டுமே. அந்த எண்ணெய், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் மெல்லிய இடைவெளிகள் வழியாகக் கசிந்து வெளியேறும்போது சந்திக்கும் தடையைத்தான் மீட்டர் அழுத்தமாகக் காட்டுகிறது. ஆகவே அழுத்தம் குறைந்தால், பம்ப் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் நீர்த்திருக்கலாம், அல்லது இடைவெளி அகன்றிருக்கலாம். இந்த மூன்றாவதுதான் பலருக்குப் புரியாத எதிரி. ஒரே அழுத்தத்தில், இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கசிவு கூடும். மற்றவை மாறாமல் 0.04 மில்லிமீட்டர் இடைவெளி 0.05 ஆனாலே கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும், 0.08 ஆனால் எட்டு மடங்கு. இருபது விழுக்காடு அதிகமாக எண்ணெய் தரும் பம்பை மாட்டிவிட்டு இந்தக் கணக்கோடு போட்டி போட முடியாது. விளக்கு சில மாதங்கள் அணைந்திருக்கும். உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும். நோயைச் சொல்ல வந்த தூதனின் வாயை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதைப் போன்றது இது.

ஆகவே முதல் செலவு, பம்புக்கு அன்று, ஒரு மெக்கானிக்கல் பிரஷர் மீட்டருக்கு. எச்சரிக்கை விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் மீட்டரின் குழாயைப் பொருத்த வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய இஞ்சின்களில் அந்தத் துளையின் மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 சுற்றுக் கொண்ட எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் அளவு, கடையில் கிடைக்கும் அமெரிக்க மீட்டர்களின் மரையோ 27 சுற்றுக் கொண்டது. இரண்டும் முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு நன்றாகவே ஏறும், பிறகு இறுகும். அதையும் மீறித் திருகினால் அலுமினிய வார்ப்பு வெடிக்கும். சரியான இணைப்பானை வாங்கிக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரமாவது ஓட்டி, தண்ணீர் மட்டுமல்லாமல் எண்ணெயும் முழுச் சூடு அடைந்த பிறகு, ஐடலிலும் (ஆக்சிலரேட்டரைத் தொடாத நிலை), நிமிடத்துக்கு 2,000, 3,000, 4,000 சுற்றுகளிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்று பந்தயப் பட்டறைகளில் ஒரு வழக்கு உண்டு. அது கைக்கணக்கே தவிர சட்டம் அன்று, உங்கள் இஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் எண்தான் தீர்ப்பு. ஆனால் எண்ணைவிட எண்கள் ஏறும் விதம் அதிகம் பேசும். ஐடலில் தாழ்ந்து, சுற்று ஏறியவுடன் விரைந்து உயர்ந்து, ரிலீஃப் வால்வின் அளவில் நிலையாக நின்றால், பேரிங் இடைவெளியையும் எண்ணெயையும் முதலில் சந்தேகியுங்கள். எல்லாச் சுற்றிலும் தாழ்ந்தே இருந்தால் பம்பின் தேய்மானமோ, திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வோ காரணமாக இருக்கலாம். நன்றாக ஏறிக்கொண்டே வந்து உயர்ந்த சுற்றில் திடீரென்று சரிந்தால், பம்புக்குள் எண்ணெய்க்குப் பதில் காற்று போகிறது.

வேறு தர எண்ணெயை ஊற்றிப் பார்ப்பதும் வீண் அன்று. 100 பாகை செல்சியஸில் 30 தர எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 தரத்துக்கு 12.5 முதல் 16.3 வரை. பழைய இஞ்சினில், நம் ஊர் வெயிலில், இந்த ஒரு படி வித்தியாசமே விளக்கை அணைத்துவிடக் கூடும். அப்படி அணைந்தால் அது உங்கள் பேரிங்கைப் பற்றிய செய்தியும் ஆகும். மகிழ்ச்சியோடு மறந்துவிட வேண்டாம். அடுத்த முறை சம்பை (இஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) கழற்றும்போது, நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை வைத்து ஒவ்வொரு பேரிங்கையும் அளக்கச் சொல்லுங்கள். ஜர்னல் (பேரிங்குக்குள் சுற்றும் தண்டின் பகுதி) விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு 0.05 மில்லிமீட்டர்.

இடைவெளிகள் எல்லாம் கையேட்டின் வரம்புக்குள் இருந்து, பம்ப்தான் தேய்ந்திருக்கிறது என்று உறுதியானால், தொழிற்சாலை அளவிலான புதிய பம்பையே வாங்குங்கள். அதிகக் கொள்ளளவு பம்ப் தேவைப்படும் இஞ்சின்கள் உண்டு: பந்தயத்துக்காக வேண்டுமென்றே இடைவெளியை அகட்டிக் கட்டியவை, பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் குழல்களைப் புதிதாகச் சேர்த்தவை. மற்ற இஞ்சின்களில் அந்த மிகுதி எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியே வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றவைக்க இஞ்சின் சக்தியைச் செலவிடும், எண்ணெய் அதை வெப்பமாக வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, என் புரோட்டோன் வீராவில் 4ஜி63 டர்போ இஞ்சின் போட்டிருக்கிறேன். பம்ப் கியர்களில் கீறல் விழுந்துவிட்டது. ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் உதிரிகளை விற்கும் கடை) நல்ல நிலையில் உள்ள பழைய பம்ப் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? வாங்கும்போதே பேலன்ஸ் ஷாஃப்டுகளையும் எடுத்துவிடலாமா?
— வாசகர், திரோலாக்

பதில்: கீறல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தேடுங்கள். எண்ணெய் ஃபில்டரைச் சேர்வதற்கு முன்பே பம்பைக் கடக்கிறது. பம்புக்கு முன்னால் இருப்பது ஒரு கம்பிச் சல்லடை மட்டும். பேரிங்கிலிருந்து உதிரும் உலோகத் துகளை முதலில் தின்பது பம்ப்தான். பேரிங்கைச் சரிசெய்யாமல் புதுப் பம்பை வைத்தால் அதுவும் அதே துகளைத் தின்னும். டர்போவின் எண்ணெய்க் குழாயையும் ஆயில் கூலரையும் உள்ளே கழுவாமல் விட்டாலும் அப்படித்தான். கூலரை முழுமையாகக் கழுவ முடியாது என்பதால் நான் புதியதையே மாட்டச் சொல்வேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

பழைய பம்பைப் பொறுத்தவரை, கடைக்காரர் முன்னிலையிலேயே மூடியைக் கழற்றிப் பார்க்க அனுமதித்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். விரல் நகத்தை மூடித்தகட்டின் மீதும் கியர்கள் அமரும் குழியின் சுவர் மீதும் இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். 4ஜி63-இன் பம்ப் என்பது முன்மூடியின் அலுமினிய வார்ப்புக்குள் அமர்ந்த இரண்டு கியர்கள். குழியே கீறப்பட்டிருந்தால் கியர்களை மட்டும் புதிதாக மாற்றுவதில் பயனில்லை, எண்ணெய் கியரின் ஓரத்தால் திரும்பிப் போய்விடும். உங்கள் காரின் குழியிலும் கீறல் இருக்கலாம் என்பதால், வார்ப்பும் கியரும் சேர்ந்த முழு முன்மூடியாகப் புதிதாக வாங்குவதே என் பரிந்துரை. போலிப் பொருள்கள் இந்த வகையில் ஏராளம். பெட்டியின் அச்சைப் பார்ப்பதைவிட, ரிலீஃப் வால்வின் பிஸ்டனை எடுத்து எண்ணெய் தடவி அதன் துளையில் விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும்.

பேலன்ஸ் ஷாஃப்ட் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அவை, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி, நான்கு சிலிண்டர் இஞ்சினுக்கு இயல்பான இரண்டாம் நிலை அதிர்வை அடக்குகின்றன. அவற்றில் ஒன்று ஆயில் பம்பின் கியரோடு இணைந்தே சுற்றுகிறது. எடுத்துவிட விரும்புவோர் சொல்லும் காரணம் பொய்யன்று: பேலன்ஸ் ஷாஃப்டின் சிறிய பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் புகுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். ஆனால் எடுக்கும்போது இரண்டு வேலைகளை மறக்கக் கூடாது. நீண்ட ஷாஃப்டின் இடத்தில் பம்ப் கியரைத் தாங்க ஒரு குட்டை ஷாஃப்ட் வேண்டும். ஷாஃப்டின் பேரிங்குகளுக்குப் போகும் எண்ணெய்த் துளைகளை அடைக்க வேண்டும். பழைய பேரிங்கைத் திருப்பி அடித்துத் துளையை மறைப்பது வழக்கம். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால், புதுப் பம்ப் தள்ளும் எண்ணெயில் ஒரு பங்கு அந்தத் துளைகள் வழியே சம்புக்கே திரும்பும். அழுத்தம் குறைகிறது என்று நீங்கள் இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

தினமும் சாலையில் ஓடும் காரில் நான் ஷாஃப்டுகளை எடுப்பதில்லை. பெல்ட்டைக் காலத்தில் மாற்றிவிடுகிறேன். வைத்துக்கொள்வதாக இருந்தால், டைமிங் பெல்ட் மாட்டும்போது பம்பின் பல்சக்கரக் குறி நேராக இருப்பது மட்டும் போதாது. பிளாக்கின் பக்கத்தில் உள்ள அடைப்பானைக் கழற்றி, 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விடுங்கள். 60 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ சென்றால் ஷாஃப்ட் சரியான நிலையில் இருக்கிறது. 20, 25 மில்லிமீட்டரில் முட்டினால் பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, குறியை மறுபடி நேராக்கிச் சோதியுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் பெல்ட் மாட்டிவிட்டு, இஞ்சின் மவுண்ட்டை மாற்றிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா வணக்கம். என் மகன் தன் காருக்கு ஓராண்டுக்குள் இரண்டு ஆயில் பம்ப் மாற்றிவிட்டான். வேகமாகப் போனால் விளக்கு எரிகிறதாம். இப்போது பந்தய பம்ப் ஒன்று வாங்க என்னிடம் பணம் கேட்கிறான். நான் தோட்டத்தில் வேலை செய்பவள். கூட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
— ஒரு தாய், சிலிம் ரிவர் அருகிலுள்ள தோட்டம்

பதில்: அம்மா, இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். வேகமாகப் போகும்போது மட்டும் விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பம்பின் தேய்மானத்தைவிட, பம்புக்கு எண்ணெய் கிடைக்காமல் போவதையே அதிகம் காட்டுகிறது. உங்கள் மகன் காரைத் தாழ்த்தியிருக்கிறாரா என்று கேளுங்கள். தாழ்த்திய கார் தோட்டத்துச் செம்மண் சாலையின் நடுமேட்டில் உரசும். லோரியிலிருந்து விழுந்து கிடக்கும் செம்பனைக் குலையின் மீது ஏறினால் சொல்லவே வேண்டாம், ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கக்கூடும்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். இதே குறையோடு ஒரு கார் என் பட்டறைக்கு வந்தது. நானும் மற்றவர்களைப் போல் பம்பைக் குற்றம் சொல்லி, புதியதை வாங்கி மாட்டினேன். குறை அப்படியே இருந்தது. மறுபடி சம்பைக் கழற்றிய அன்றுதான் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு உட்குழிந்திருந்தது. சல்லடைக்கும் சம்பின் அடிக்கும் இடையே பொதுவாக 6 முதல் 10 மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அந்தக் காரில் ஒரு பத்து சென் நாணயம்கூட நுழையாது. மெதுவாகப் போகும்போது கிடைத்த சிறு வழியே போதுமானதாக இருந்தது. வேகமாகப் போகும்போது பம்ப் தாகத்தில் தவித்தது. சம்பைத் தட்டி நிமிர்த்தினேன், குறை நீங்கியது. பம்புக்கு வாங்கிய கூலியை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். பம்பின் விலையையும் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை.

உங்கள் மகனின் போமனிடம் இதைச் சொல்லுங்கள்: சல்லடையின் மீது பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, சம்பைப் பொருத்தி, மறுபடி கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளக்கட்டும், பிறகு களிமண்ணைத் துளியும் விடாமல் துடைக்கட்டும். அப்படியே, சல்லடைக் குழாய் பம்போடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட் இரண்டு முறை கழற்றி மாட்டியதில் பழுதாகியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அங்கே மயிரிழை அளவு பிளவு இருந்தாலும் பம்ப் அதன் வழியே காற்றை உறிஞ்சும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பம்பாக இருந்தாலும், எண்ணெயைச் சல்லடைக்குள் தள்ளுவது வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் மட்டுமே. அது ஏறத்தாழ ஒரு பார், அதற்கு மேல் ஒரு பம்பாலும் கேட்டு வாங்க முடியாது.

கேள்வி: ஹோண்டா பி16ஏ இஞ்சினுக்குத் திட எஃகில் கடைந்த பம்ப் கியர் அவசியமா? இஞ்சினை அடிக்கடி 8,000 சுற்றுக்கு மேல் ஓட்டுகிறேன்.
— வாசகர், தஞ்சோங் மாலிம்

பதில்: நீங்கள் கிராங்க் புல்லியை மாற்றிவிட்டீர்களா என்பதைப் பொறுத்தது. இந்த இஞ்சினில் பம்பின் உள் ரோட்டர் கிராங்க்கின் மூக்கிலேயே அமர்ந்திருக்கிறது. கிராங்க் ஒவ்வொரு வெடிப்பிலும் முறுக்கித் தளரும் அதிர்வை அந்த ரோட்டர் நேரடியாக வாங்குகிறது. தொழிற்சாலை ரோட்டர், உலோகத் தூளை அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்தது. தேய்மானத்தைத் தாங்கும், விட்டுவிட்டு அடிக்கும் அடியை அந்த அளவுக்குத் தாங்காது. கிராங்க் புல்லியின் நடுவே இருக்கும் ரப்பர் வளையம் அந்த அதிர்வை உறிஞ்சுவதற்காகவே வைக்கப்பட்டது. எடையைக் குறைக்கிறேன் என்று அதைக் கழற்றிவிட்டு, ரப்பர் இல்லாத அலுமினியப் புல்லியை மாட்டுபவர்கள்தான் பிறகு ரோட்டர் வெடித்தது என்று எஃகுக் கியரைத் தேடுகிறார்கள். முதலில் நல்ல நிலையில் உள்ள அசல் புல்லிக்குத் திரும்புங்கள். ரப்பர் வெடித்திருந்தால் புதிதாக வாங்குங்கள். அதன் பிறகும் 8,000-ஐத் தாண்டி ஓட்டுவதை விடமாட்டேன் என்றால், எஃகுக் கியர் நியாயமான செலவு. அசல் பம்ப் வார்ப்பிலேயே அதைப் பொருத்தி, ரோட்டர் நுனிகளின் இடைவெளியையும் பக்க இடைவெளியையும் ஃபீலர் கேஜால் அளந்து கையேட்டோடு ஒப்பிட வேண்டும். புதியது என்பதால் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. உயர்ந்த சுற்றில் வால்வுகளை அதிகம் திறக்கும் கேமுக்கு மாற்றும் வி-டெக் இயக்கமும் இதே எண்ணெய் அழுத்தத்தால்தான் நடக்கிறது. அழுத்தம் போதாவிட்டால் உயர் கேமுக்கு மாறுவதே நின்றுவிடும்.

கேள்வி: செப்பாங் ஓடுதளத்தில் முதல் வளைவில் அழுத்தம் விழுகிறது. பெரிய பம்ப் உதவுமா?
— வாசகர், பீடோர்

பதில்: உதவாது, கெடுக்கும். நீண்ட வலது வளைவில் எண்ணெய் சம்பின் இடது சுவரில் ஏறி நிற்கிறது. சல்லடை வெறும் காற்றை உறிஞ்சுகிறது. பெரிய பம்ப் மீதி எண்ணெயையும் விரைவாக மேலே அனுப்பிச் சம்பைக் காலியாக்கும். சம்புக்குள் தடுப்புத் தகடுகளையும், எண்ணெயைச் சல்லடைப் பக்கம் மட்டும் விடும் ஒருவழிக் கதவுகளையும் வையுங்கள். எண்ணெயை டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை நிரப்பிக்கொள்ளுங்கள். அதையும் தாண்டி நிரப்பினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

கேள்வி: புதுப் பம்பை மாட்டியாகிவிட்டது. உடனே ஸ்டார்ட் செய்யலாமா?
— வாசகர், சிலிம் ரிவர்

பதில்: செய்யக் கூடாது. உள்ளே உலர்ந்திருக்கும் பம்பால் எண்ணெயை உறிஞ்ச முடியாமல் போகலாம். மாட்டுவதற்கு முன்பே கியர்களுக்கு இடையே பெட்ரோலியம் ஜெல்லியை நிரப்பியிருக்க வேண்டும். கிரீஸ் வேண்டாம், அது கரையாமல் வழிகளை அடைக்கும். ஜெல்லி வைக்காமல் மாட்டிவிட்டீர்கள் என்றால் மூடியைக் கழற்றி மறுபடி தொடங்குங்கள், சோம்பல்பட வேண்டாம். சிலிக்கான் பசை அதிகமாகத் தடவி, எண்ணெய் வழிக்குள் பிதுங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஃபில்டரில் எண்ணெயை நிரப்பி மாட்டி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் மின்பொறியையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து விநாடியாக, இடையே ஓய்வு விட்டுச் சுற்றுங்கள். பேராங் வாசகருக்குச் சொன்ன அதே மீட்டரை மாட்டி வைத்திருந்தால் முள் அசைவது தெரியும். முள் எழுந்து நின்ற பிறகே பிளக்குகளைத் திரும்ப மாட்டுங்கள்.